கடிக்கும் கிளியைப் பழக்குதல்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒருநாள் மாலை, பெங்களூரில் ஓசூர் சாலையை ஒட்டிய அடுகோடியில் ஒரு வீட்டிற்குச் செல்ல நேர்ந்தது. தருமபுரியிலிருந்து வந்து இரண்டு தலைமுறைகளாக அங்கே குடியிருக்கும் குடும்பம் அது. கூடத்திற்கும் சமையலறைக்கும் இடையிலுள்ள நடையில் பெரிய கம்பிக் கூண்டு ஒன்று. அதனுள் ஓர் ஆப்பிரிக்கச் சாம்பற்கிளி. வீட்டுத் தலைவியின் கட்டை விரலில் கட்டுப் போட்டிருந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகன் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கூண்டிற்கு மூன்றடி தள்ளியே நின்றான். பாட்டியார்தாம் வருத்தத்துடன் பேசினார்: "தம்பி, குஞ்சாக வந்த நாள்முதல் என் மடியில் உறங்கிய பிள்ளை இது. ஆறு மாதமாக என்னையே கடிக்கிறது. மாதம் முடிவதற்குள் யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள்."

நன்கு பேணினால் நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய பறவை அது. அப்போது அதற்கு வயது ஐந்து. கடிக்கும் கிளியை ஒரு வீட்டார் மற்றொருவருக்குக் கொடுப்பர். அங்கும் அது கடிக்கும். அவர்கள் மூன்றாமவருக்குத் தள்ளுவர். ஒவ்வொரு மாற்றத்திலும் பறவையின் அச்சம் மிகுமேயன்றிக் குறையாது. இறுதியில் வீட்டின் பின்புறத்து இருண்ட மூலையொன்றில், எவரும் நெருங்காத கூண்டில் அதன் எஞ்சிய காலம் கழியும். இவ்வாறு முடிந்த கிளிகளை நான் கண்டிருக்கின்றேன். கால்நடைப் பணியாளரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் மக்கள் இத்தகைய செய்திகளைக் கூறி யோசனை கேட்பது வழக்கம். "கிளி கெட்டுவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்ற விடை பெரும்பாலும் தவறானது என்பதை எடுத்துக்காட்டவே இதனை எழுதுகின்றேன்.

அடுகோடி பிராணிகளைப் பற்றிய அறிவிற்குப் புதிய இடமன்று. 1923-இல் தொடங்கப்பெற்ற பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் இன்று தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளையாக இங்கே இயங்கி வருகின்றது. 1927-இல் காந்தியடிகள் பெங்களூரில் தங்கியிருந்தபோது அந்நிலையத்திற்கு வந்து பசு வளர்ப்பைக் கற்றுக்கொண்டார். 1995 முதல் தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியக்க ஆராய்ச்சி நிலையமும் இங்கு உள்ளது. அங்குள்ள விஞ்ஞானிகள் ஆராய்வது பசு, எருமை, ஆடு, கோழி முதலியவற்றையேயன்றிக் கிளியை அன்று. ஆயினும் பசுவையும் கிளியையும் ஒப்பிட்டு நோக்கினால் நமக்கு ஓர் உண்மை புலப்படும். பசுவும் கோழியும் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து, சாதுவானவையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றவை. கிளியோ அவ்வாறு வளர்ப்புப் பிராணியாக ஆக்கப்பட்டதன்று. வீட்டில் பொரித்த குஞ்சாயினும், காட்டில் வாழ்ந்த மூதாதையரிடமிருந்து அது சில தலைமுறைகளே விலகி நிற்கின்றது. அதன் சுபாவம் இன்னும் காட்டுப் பறவையின் சுபாவமேயாகும்.

காட்டில் கிளிகள் கூட்டமாக வாழ்கின்றன. அவற்றினிடையே பூசல்கள் உண்டு. ஆனால் ஒன்றையொன்று கடித்துக் காயப்படுத்துவது அரிது. ஒரு கிளி சிறகை உயர்த்தி, கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து காட்டினால் மற்றொன்று பறந்து விலகிவிடும்; சண்டை அத்துடன் தீர்ந்தது. கூண்டில் இருக்கும் பறவைக்கு விலகிச் செல்ல வழியில்லை. எதிரில் உள்ள மனிதக் கையோ விலகுவதில்லை. பறத்தல் என்னும் முதல் வழி அடைபட்டுவிட்டபோது அலகு ஒன்றே மிஞ்சுகின்றது.

அலகின் தொழில்

கிளியின் அலகு ஆயுதம் மட்டுமன்று. பெரும்பாலான பறவைகளைக் காட்டிலும் கிளியின் மேலலகு மண்டையோட்டுடன் கீல்போல் பொருந்தித் தாராளமாக அசையவல்லது. கொட்டையை உடைக்கவும், இறகைக் கோதவும், புதுப்பொருளைத் தொட்டு ஆராயவும் பயன்படும் அவ்வலகு, ஏறுவதற்கு உதவும் மூன்றாவது காலும் ஆகும். இது வெறும் உவமையன்று. காதற்கிளி எனப்படும் சிறுகிளிகள் செங்குத்தான பரப்பில் ஏறும்போது எவ்வளவு விசையை எவ்வுறுப்பால் செலுத்துகின்றன என்று அளந்து, அலகு உண்மையாகவே ஒரு கால் போலத் தொழிற்படுகின்றது என்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர் 2022-இல் வெளியிட்டனர்.

ஒரு கிளியைக் கையில் ஏற்றுவதற்காக நாம் விரலை நீட்டுகின்றோம். அது காலை வைக்குமுன் அலகால் விரலைப் பற்றிப் பார்க்கின்றது. கிளை உறுதியானதுதானா என்று காட்டில் சோதிப்பது போன்றே இதுவும். பழக்கமில்லாதவர், "ஐயோ, கடிக்க வருகிறது!" என்று விரலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். பறவை தடுமாறும். மறுமுறை அது இன்னும் அழுத்தமாகப் பற்றும். ஆள் இன்னும் விரைவாக இழுப்பார். நான்கைந்து முறை இவ்வாறு நிகழ்ந்தபின், மனிதக் கை நம்பத்தகாத கிளை என்று கிளி தீர்மானித்துவிடுகின்றது. கடிக்கும் கிளிகள் பலவற்றின் வரலாறு இவ்விடத்திலேயே தொடங்குகின்றது.

மெய்யான கடி முன்னறிவிப்பின்றி வருவது மிகக் குறைவு. கண்மணி விரிந்து விரிந்து சுருங்கும். சாம்பற்கிளியின் வெளிறிய மஞ்சள் விழியில் இது தெளிவாகத் தெரியும். பிடரி இறகுகள் சிலிர்த்தெழும், வால் விசிறிபோல விரியும், உடல் முன்சாயும். இவை சினக் குறிகள். அச்சக் குறிகள் வேறு: இறகுகளை உடலோடு ஒட்ட வைத்துக்கொண்டு பறவை மெலிந்து உயர்ந்து நிற்கும், பின்னே சாயும், ஒரு காலைத் தூக்கித் தடுப்பதுபோல் நீட்டும். இரண்டும் கடியில் முடியலாம் எனினும் இரண்டிற்கும் பரிகாரம் ஒன்றன்று. ஆதலின் பார்ப்பவர் இவற்றைப் பிரித்தறிதல் வேண்டும். அடுகோடிக் கிளியிடம் நான் கண்டவை பெரும்பாலும் அச்சக் குறிகளே. வீட்டாரோ அதனைத் "திமிர்" என்று எண்ணியிருந்தனர்.

1898-இல் அமெரிக்க உளவியலறிஞர் தார்ண்டைக், பூனைகளைப் பெட்டியில் அடைத்து, அவை தாழைத் திறந்து வெளிவரக் கற்கும் விதத்தை ஆராய்ந்தார். நற்பயன் தந்த செயலைப் பிராணி மீண்டும் செய்யும். பயன் தராததைப் படிப்படியாகக் கைவிடும் என்பதே அவர் கண்ட விளைவு விதி. அவ்விதியைக் கிளிக் கூண்டிற்குப் பொருத்திப் பாருங்கள். கை வருகின்றது, பறவை பின்னே சாய்கின்றது, கை நிற்கவில்லை. இறகைச் சிலிர்க்கின்றது, கை நிற்கவில்லை. கடிக்கின்றது, கை உடனே மறைந்துவிடுகின்றது! பின்னே சாய்தலும் சிலிர்த்தலும் வீண் என்றும், கடியே பலிக்கின்றது என்றும் பறவை கற்றுக்கொள்கின்றது. சில வாரங்களில் அது முன்னறிவிப்புகளையெல்லாம் விட்டுவிட்டு நேரே கடிக்கத் தொடங்கும். "திடீரென்று கடிக்கிறது" என்று நாம் குறைகூறும் பறவையை அவ்வாறு ஆக்கியது நம் கையேயாகும்.

நெல்மணியின் பாடம்

இவ்விதியைத் தமிழ்நாட்டார் நூலில் படித்து அறியவேண்டியதில்லை. கோயில் வாயிலிலும் கடற்கரையிலும் அமர்ந்திருந்த கிளி சோதிடரை நம்மில் மூத்தவர் அனைவரும் கண்டிருப்போம். கூண்டுக் கதவு திறந்தவுடன் கிளி நடந்து வெளிவரும். சீட்டுகளை ஒவ்வொன்றாக அலகால் தள்ளி, ஒன்றை எடுத்துக் கொடுக்கும். ஒரு நெல்மணியைப் பெற்றுக்கொண்டு தானே கூண்டிற்குள் திரும்பும். அங்கே அடியுமில்லை, அதட்டலுமில்லை. சிறு சிறு செயல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றின் முடிவிலும் தவறாமல் கூலி கொடுத்துப் பழக்கிய பழக்கம் அது. பிற்காலத்தில் ஸ்கின்னரும் அவர்தம் மாணவர்களும் புறாக்களைக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் விளக்கிய முறையும் அடிப்படையில் இதுவே.

அச்சோதிடத்தை நான் புகழ்வதாக எவரும் கொள்ளவேண்டா. அக்கிளிகளின் சிறகுகள் கத்தரிக்கப்பட்டிருந்தன. கூண்டோ பறவை சிறகை விரிக்கவும் போதாதது. மேலும் அவை நம் நாட்டுப் பச்சைக்கிளிகள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியக் கிளியினங்களைக் காப்பாற்றுகின்றது. 1990-91 முதல் நாட்டுப் பறவைகளின் வாணிகமும் தடைசெய்யப்பட்டுள்ளது. 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் வேளையில், கடலூர் மாவட்டத்தில் வேட்பாளர் ஒருவருக்கு வெற்றி கூறிய கிளியின் உரிமையாளர், கிளிகளைக் கூண்டில் அடைத்து வைத்தமைக்காக வனத்துறையினரிடம் அகப்பட்ட செய்தி எங்கும் பேசப்பட்டது. பலர் அதனை நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டனர். ஆனால் பக்கத்து வீட்டில் பச்சைக்கிளி வளர்ப்பதும் அதே சட்டத்திற்கு மாறானது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

ஆதலின் "எங்கள் கிளி கடிக்கின்றது" என்று ஒருவர் வந்தால், களப்பணியாளர் முதலிற் கேட்கவேண்டியது அது எந்த இனம் என்பதே. பச்சைக்கிளியாயின் பழக்கும் முறையைக் கூறுதல் பொருந்தாது. வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லவேண்டும். இரக்கப்பட்டு மொட்டைமாடியிலிருந்து பறக்கவிடுதலும் கூடாது. சிறகு கத்தரிக்கப்பட்ட பறவை பூனைக்கும் காக்கைக்கும் இரையாகும். வெட்டிய இறகுகள் உதிர்ந்து புதியன முளைக்கும் வரையிலும், பின்னர் பறந்து பழகும் வரையிலும் காப்பிடம் வேண்டும். பெங்களூரைப் பொறுத்தவரை, கெங்கேரியில் உள்ள வனவிலங்கு மருத்துவமனை போன்ற இடங்களில் இப்பணி நடைபெறுகின்றது.

அயல்நாட்டுக் கிளிகளை வளர்த்தல் முற்றிலும் தடைசெய்யப்படவில்லை எனினும், அதற்கும் ஒழுங்கு உண்டு. பன்னாட்டு வாணிக உடன்படிக்கையின் பட்டியலில் அடங்கிய இனங்களை வைத்திருப்போர், 2024-இல் வெளியான விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தல் வேண்டும். சாம்பற்கிளி 2017 முதல் அப்பட்டியலின் மிகக் கடுமையான முதற்பிரிவில் உள்ளது. அடுகோடி வீட்டார் பதிவுச் சான்றைச் சட்டமிட்டு, கூண்டிற்கு மேலேயே மாட்டியிருந்தனர்.

உடல்நலமே முதற்படி

நோயுற்ற பறவையும் கடிக்கும். காட்டுப் பறவை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. நோஞ்சானாகத் தோன்றினால் பருந்து அதனையே குறிவைக்கும். ஆதலின் திடீரெனச் சுபாவம் மாறிய கிளியைப் பறவை மருத்துவம் அறிந்த கால்நடை வைத்தியரிடம் முதலிற் காட்டவேண்டும். காலில் வலி, முட்டை அடைப்பு, ஈரல் கோளாறு ஆகிய ஒவ்வொன்றும் கடியாக வெளிப்படலாம். வலியால் கடிப்பதைப் பழக்கத்தால் தீர்க்க முயல்வது காய்ச்சலுக்குப் பாடம் சொல்வது போன்றது.

உணவு அடுத்தது. அவ்வீட்டில் கிண்ணம் நிறையச் சூரியகாந்தி விதையே வைத்திருந்தனர். இந்நாட்டுக் கிளிக் கூண்டுகள் பெரும்பாலானவற்றில் இதுவே நிலை. அவ்விதையில் கொழுப்பு மிகுதி. வைட்டமின் ஏ-யும் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. சாம்பற்கிளி இனமோ இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குன்றி நடுக்கமும் வலிப்பும் கொள்ளும் தன்மையது. பறவைகளுக்கென்று தயாரித்த உருண்டைத் தீவனத்தை அடிப்படையாக வைத்து, முளைகட்டிய பச்சைப்பயறு, கேழ்வரகு, முருங்கைக்கீரை, காரட், மஞ்சள் பூசணி, கொய்யா ஆகியவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். மாற்றம் மெதுவாக நிகழவேண்டும். புதிய உணவை உணவென்றே அறியாமல் கிளி பட்டினி கிடக்கக்கூடும். நாள்தோறும் காலையில் சமையலறைத் தராசில் எடை பார்ப்பது நல்ல காப்பு. வெண்ணெய்ப்பழம் என்னும் அவகாடோ, சாக்லேட் இரண்டும் கிளிக்கு நஞ்சு. மிளகாய் கொடுத்தால் கிளிக்குக் கோபம் வரும் என்று பாட்டியார் அதனை நிறுத்தியிருந்தார். மிளகாயின் காரத்தைப் பறவைகளின் நரம்பு உணர்வதேயில்லை. நமக்கு எரிவது அதற்கு வெறும் காய். பச்சை மிளகாயை மீண்டும் கொடுக்கலாம் என்று கூறியபோது அவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. அன்றிரவே ஒன்றைக் கொடுத்துப் பார்த்ததாகப் பின்னர் அறிந்தேன்.

மூன்றாவது, பருவம். ஐந்து வயதளவில் சாம்பற்கிளி இனவிருத்திப் பருவத்தை எய்துகின்றது. குஞ்சுப் பருவத்துக் கொஞ்சல் மறைந்து, "என் இடம், என் துணை" என்னும் உணர்வு எழும் காலம் அது. முதுகையும் சிறகின் அடிப்புறத்தையும் தடவிக் கொடுத்தல், கட்டிலுக்கடியிலும் அலமாரியிலும் இருண்ட பொந்துபோன்ற இடங்களில் புகவிடுதல், இரவு நெடுநேரம் விளக்கெரித்தல் ஆகியவை அவ்வுணர்வைத் தூண்டும். அவ்வீட்டில் மூன்றும் நிகழ்ந்துகொண்டிருந்தன! பாட்டியார் அன்புடன் முதுகைத் தடவுவார். கிளி அலமாரியின் கீழ்த்தட்டில் போய் உட்காரும். தொலைக்காட்சி இரவு பதினொரு மணிவரை ஓடும். தலையையும் கன்னத்தையும் மட்டும் கோதுதல், அலமாரியைச் சாத்துதல், கூண்டை அமைதியான அறைக்கு மாற்றிப் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் இருளில் உறங்கவிடுதல் என்று மூன்று மாற்றங்களைச் சொன்னேன். கூண்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டியிருக்கட்டும் என்றும் கூறினேன். நடையில் இருந்தபோது அதன் முதுகுப்புறமாக ஆட்கள் ஓயாது போய்வந்துகொண்டிருந்தனர்.

பழக்கும் முறை

கிளியைத் தொடுவதற்கு முன் சிறுவனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னேன். ஒவ்வொரு கடிக்கும் ஒரு வரி: நாள், நேரம், கடிக்குமுன் என்ன நிகழ்ந்தது, பறவை என்ன குறி காட்டியது, கடித்தபின் நாம் என்ன செய்தோம். பத்து நாட்களில் அந்நோட்டு எங்களுக்குப் பெரும்பாலான செய்திகளைச் சொல்லிவிட்டது. கடிகளிற் பெரும்பகுதி, தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கூண்டினுள் கை நுழைத்தபோது நிகழ்ந்தவை. மற்றவை, பாட்டியாரின் தோளில் அமர்ந்திருக்கையில் வேறொருவர் அணுகியபோது நிகழ்ந்தவை. கூண்டிற்கு வெளியே, எவர் தோளிலும் இல்லாதபோது கிளி ஒருமுறையும் கடிக்கவில்லை. "எந்நேரமும் கடிக்கிறது" என்ற குற்றச்சாட்டு அத்துடன் தள்ளுபடியாயிற்று. உயிரியல் ஆசிரியர்கள் இத்தகைய குறிப்பேட்டை மாணவர்களைக்கொண்டு தெருநாய், வீட்டுப் பூனை ஆகியவற்றிற்கும் எழுதச் செய்யலாம். ஊகத்தை விலக்கிக் கண்டதை மட்டும் எழுதும் பயிற்சி அது.

முதல் வாரம் பழக்குதல் என்று ஒன்றும் இல்லை. சிறுவன் கூண்டிற்கு நான்கடி தூரத்தில் அமர்ந்து தன் பாடத்தை வாய்விட்டுப் படித்தான். பறவை மெலிந்து உயர்ந்து நின்றால் நாற்காலியைப் பின்னே தள்ளிக்கொள்வான்; அது இறகைத் தளர்த்தி ஒரு காலில் நின்றால் அங்குலக் கணக்கில் முன்னே வருவான். தன் சிறு குறிக்கும் இனிப் பலனுண்டு என்பதைப் பறவை அறியும் முதற்பாடம் இது. எழும்பிய ஆவலில் இப்படியைத் தாண்டிச் செல்வோரே பெரும்பாலும் தோற்கின்றனர்.

இரண்டாம் வாரத்தில் கூலி வந்தது. கிண்ணத்திலிருந்து நீக்கிய சூரியகாந்தி விதைகளே கூலி. நாள் முழுதும் கிடைத்தபோது மதிப்பிழந்திருந்த பொருள், ஒவ்வொன்றாகக் கையிலிருந்து வரும்போது அரும்பொருளாயிற்று. ஆனால் பறவையைப் பட்டினி போட்டுப் பழக்குதல் கொடுமை. அன்றாட உணவு குறையாமலிருக்க, விருப்பமான ஒன்றை மட்டும் பாடவேளைக்கென்று ஒதுக்கினாற் போதும். நீண்ட மூங்கிற் குச்சி ஒன்றின் நுனியைக் கம்பி வழியே காட்டுவான். கிளி அதனை அலகால் தொட்டவுடன் "சரி" என்று ஒரே சொல்; உடனே ஒரு விதை. சொல்லும் விதையும் ஒரு கணமும் பிந்தக்கூடாது. பிந்தினால் பறவை வேறெதற்கோ கூலி கிடைத்ததாகக் கருதும். முதல் நாள் கிளி குச்சியைக் கடித்து நுனியைச் சிதைத்துவிட்டது. மூன்றாம் நாள் அதனைத் தொட்டுவிட்டு விதைக்காகத் திரும்பிப் பார்த்தது.

அதன்பின் குச்சி சென்ற இடமெல்லாம் கிளி சென்றது. கூண்டின் வலப்பக்கக் கொம்பிற்கு வந்து நிற்கப் பழகியதும், இடப்பக்கத்துத் தண்ணீர்க் கிண்ணத்தை வீட்டார் அச்சமின்றி எடுத்தனர். கடிகளிற் பெரும்பகுதி அந்த ஒரே ஏற்பாட்டினால் நின்றது. பறவையின் குணம் மாறியதனால் அன்று. அதன் வீட்டினுள் கை நுழையும் முறை மாறியதனால். பாடம் ஒருவேளைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை. பறவை சலிப்பதற்கு முன்னரே நிறுத்துவது நலம்.

ஐந்தாம் வாரத்தில் ஒரு சிறு கொம்பை நீட்டி அதில் ஏறச் செய்தான். எட்டாம் வாரத்தில் கொம்பை மெல்லக் குறுக்கி, கொம்பின் இடத்தில் முன்கையை வைத்தான். கிளி அலகால் முன்கையைப் பற்றிப் பார்த்தது. அவன் கையை அசைக்கவில்லை. அன்றைக்கு அவன் முகத்தை நான் நேரிற் காணவில்லை. தாயார் தொலைபேசியில் சொல்லக் கேட்டேன். மூச்சையடக்கிக்கொண்டு நின்றானாம்.

தோளில் ஏற்றும் பழக்கத்தை மட்டும் முற்றிலும் விலக்கினோம். தோளிலுள்ள பறவையின் முகத்தை நாம் காண இயலாது. ஆகவே அதன் குறிகளையும் காண இயலாது. கண்ணும் காதும் அலகிற்கு அருகில் இருக்கின்றன. பாட்டியாருக்கு இது கடினமாகவே இருந்தது. கிளிக்கு அவரே துணை என்ற எண்ணம் மாறும்பொருட்டு, சிலகாலம் சிறந்த தின்பண்டங்களை மற்றவர் கையால் மட்டுமே கொடுக்கவேண்டும் என்றதும் அவருக்கு வருத்தமே. ஆயினும் கிளியை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டுமென்று எல்லோரினும் விரும்பியவர் அவராதலின் உடன்பட்டார்.

பலரும் கைக்கொள்ளும் சில முறைகளைப் பற்றி ஒரு சொல். அலகில் சுண்டுதல், கூண்டைத் துணியால் மூடித் தண்டித்தல், கையில் ஏறிய பறவையைக் குலுக்கிக் கீழே வீழ்த்துதல், தோல் கையுறை அணிந்து பிடித்து அடக்குதல் ஆகியவற்றால் சில வேளை கடி நிற்பதுண்டு. ஆனால் நின்றது கடியன்று, பறவையின் முயற்சியே. அச்சத்தால் அசைவற்றிருக்கும் பறவையைச் சாதுவான பறவை என்று கொள்ளுதல் பிழை. சிறகைக் கத்தரித்தலும் அத்தகையதே: பறந்து விலகும் வழியை அடைத்துவிட்டு, கடிக்காதே என்கின்றோம். இன்னொன்றும் உண்டு. கடித்தால் சில நாள் விட்டுவிடுவதும், சில நாள் வற்புறுத்திப் பிடிப்பதுமாக இருந்தால் கடி மேலும் வேரூன்றும். எப்போதாவது பலிக்கும் செயலைப் பிராணிகள் எளிதில் கைவிடுவதில்லை.

கடிபட்டால்

கத்தாமலும் கையை உதறாமலும், அருகிலுள்ள கொம்பில் பறவையை அமைதியாக இறக்கிவிட்டு விலகவேண்டும். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவவேண்டும். ஆழமான காயமாயினும், வீக்கமும் சிவப்பும் பரவினாலும் மருத்துவரிடம் செல்லவேண்டும். இசிவுநோய்த் தடுப்பூசி போட்டுக் காலமாகிவிட்டதா என்று அவர் பார்ப்பார். வெறிநாய்க்கடி ஊசி வேண்டுமா என்று கிராமங்களில் தவறாமல் கேட்பர். அந்நோய் பாலூட்டிகளுக்குரியது, பறவைக் கடிக்கு அத்தடுப்பூசி தேவையில்லை. கிளியிடமிருந்து பரவக்கூடிய நோய் கிளிக்காய்ச்சல். அது உலர்ந்த எச்சத்தின் தூசியை முகர்வதால் வருவது. 1929-30-இல் விற்பனைக் கிளிகள் வாயிலாக அது பல நாடுகளிற் பரவிப் பெரும் பீதியை விளைத்தது. ஆதலின் கூண்டைத் துடைக்குமுன் நீர் தெளித்து ஈரமாக்குதல் வேண்டும். கிளி வளர்க்கும் வீட்டில் எவருக்கேனும் காய்ச்சலும் வறட்டிருமலும் கண்டால் கிளி இருப்பதை மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

சாம்பற்கிளிகளுள் உலகப் புகழ் பெற்றது அலெக்ஸ். ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1977-இல் சிக்காகோ நகரக் கடையொன்றில் வாங்கிய அக்கிளி, 2007-இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் ஆய்வுக்குப் பயன்பட்டது. நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றை அது சொற்களாற் கூறியதையே எல்லோரும் வியந்தனர். எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. தன்னைத் தொடுவதை விரும்பாதபோது அது கூச்சலிடும், கடிக்கவும் முற்படும். அதற்கு மாற்றாக "இல்லை" என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல்லைக் கற்பித்தனர். அதன்பின் அது அச்சொல்லைக் கூறியே மறுக்கலாயிற்று.

அடுகோடியில் இதனை யாரும் திட்டமிட்டுக் கற்பிக்கவில்லை. கிளி அலகைத் திறக்கும்போதெல்லாம் பாட்டியார் "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லி வந்திருக்கின்றார். தைமாத இறுதியில் ஒருநாள் சிறுவன் கையை நீட்டியபோது, கிளி சற்றே பின்சாய்ந்து, பாட்டியாரின் குரலிலேயே "வேண்டாம்" என்றது. அவன் கையைத் தாழ்த்திக்கொண்டான். மறுநாளும் அவ்வாறே நிகழ்ந்தது. சொல்லுக்குப் பயனுண்டு என்பதை அது கண்டுகொண்டது.

பங்குனியில் நான் மீண்டும் சென்றபோது கூண்டு சன்னலோரத்து அறையில் இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் கடைசி வரி மூன்று வாரங்களுக்கு முற்பட்டது. கிண்ணம் கழுவ அவசரப்பட்டுக் கையை நுழைத்த விருந்தினர் ஒருவரின் விரல் அது. பாட்டியார் கொய்யாத் துண்டொன்றை நீட்டினார். கிளி "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே அதனை வாங்கிக்கொண்டது.